குண்டு போட்டவரே விசாரிப்பதா?

ஆப்கானிஸ்தானின் குண்டூஸ் நகரில் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு நடத்திவந்த மருத்துவமனையை, 2015 அக்டோபர் 3 அதிகாலையில் அமெரிக்காவின் ஏசி-130 போர் விமானம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுட்டுத் தகர்த்தது. 42 பேர் மாண்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில், எழுந்து ஓட முடியாதவர்கள் கட்டிலிலேயே எரிந்துபோனார்கள். அந்தக் கட்டடம் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கிறது என்று செப்டம்பர் 29 அன்றுதான் அந்த அமைப்பினர் மறுபடியும் அமெரிக்கத் தரப்புக்குத் தெரிவித்திருந்தார்கள். குண்டு விழுந்துகொண்டிருந்தபோதும் நிறுத்தச் சொல்லித் தொலைபேசியில் மன்றாடினார்கள்.

அமெரிக்க ராணுவம் தன்னைத் தானே விசாரித்துக்கொண்டது. ஆட்களின் தவறு, கருவிக் கோளாறு, உள்நோக்கம் இல்லை, ஆகவே போர்க்குற்றம் அல்ல என்றது. 16 பேர் மீது துறைரீதியான நடவடிக்கை. குற்ற வழக்கு ஒன்றுகூட இல்லை. ஒபாமா மன்னிப்புக் கேட்டார். அதற்குக்கூட மனமில்லாத அரசுகளை நாம் அறிவோம். 2009இல், இலங்கையின் இறுதிப் போரின்போது, வன்னி மருத்துவமனைகள் எங்கே இருந்தன என்பது இலங்கை அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் அவை அத்தனையும் எறிகணைக்கு இரையாயின என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் எழுதியது. அங்கே சிகிச்சை அளித்த அரசு மருத்துவர்களோ கைதாகி, காவலில் இருந்தபடியே, தாங்கள் முன்பு சொன்ன உயிரிழப்புக் கணக்குகளைச் செய்தியாளர்கள் முன் மறுத்துப் பேசினார்கள்.

மருத்துவமனையில் ஆயுததாரிகள் பதுங்குகிறார்கள் என்பது வழக்கமான சமாதானம். அப்படியே இருந்தாலும், எச்சரித்து அவகாசம் கொடுத்த பிறகே பாதுகாப்பு விலகும் என்கிறது நான்காம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 19ஆம் பிரிவு. குண்டூஸில் எச்சரிக்கை எதுவும் வரவில்லை. 2016 மே மாதம் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலும், மருத்துவமனைகள் மீதான தாக்குதல்களைக் கண்டிக்கும் 2286ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. ஆக, சட்டத்துக்குப் பஞ்சமில்லை. விசாரிக்க ஆளும் உண்டு: 1991இல் அமைந்த சர்வதேச மனிதாபிமான உண்மையறியும் ஆணையம். குண்டூஸ் தாக்குதலை விசாரிக்க அது தயாராகத்தான் இருந்தது. வாஷிங்டனும் காபூலும் இசைவு தரவில்லை. திருடன் சம்மதித்தால்தான் போலீஸ் வரலாம் என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இந்த ஆணையத்தின் அதிகாரத்தை முன்கூட்டியே ஏற்கும் நாட்டிடம், அதே போல் ஏற்ற மற்றொரு நாடு புகார் சொன்னால், தனியாகச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுவிட்டன. ஆணையத்துக்கு அடிப்படையான 1977ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறையிலேயே இந்தியா சேரவில்லை, இலங்கையும் சேரவில்லை. புது தில்லி அதில் இணைந்து, ஆணையத்தையும் ஏற்க வேண்டும். வன்னிக்காகக் குரல் கொடுத்த தமிழக எம்.பி.க்கள், ஏன் இந்தத் தயக்கம் என்று வரும் கூட்டத்தொடரிலேயே அரசைக் கேட்கட்டும்.