பத்தரை மணிக் கூட்டமும் எழுதாத குறிப்பும்

ராயப்பேட்டை மணிக்கூண்டைச் சுற்றிக் கிளைக்கும் தெருக்களில், இரவு 10.30 மணிக்கும் ஓர் அறையில் மட்டும் விளக்கெரியும் வீடுகள் பல உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் குளிர்காலம் என்றால் அப்போது காலை 9 மணி. அங்கே நாள் தொடங்குகிறது. இங்கே அதற்காக நாள் நீள்கிறது. இரு ஊர்களுக்கும் இடையே குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரமும் கோடையில் பன்னிரண்டரை மணி நேரமும் வேறுபாடு. இந்த வேறுபாட்டை யாராலும் ஒழிக்க இயலாது. ஆனால் அதன் சுமையை எப்போதும் ஒரே பக்கம்தான் தாங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

2020 மார்ச் ஊரடங்கு, மென்பொருள் பணியாளரை வீட்டுக்கு அனுப்பியது. அதன் பின்னர் சிலர் அலுவலகம் திரும்பினர். சிலர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் போகின்றனர். எங்கிருந்து வேலை செய்தாலும் குழு மட்டும் பல ஊர்களில் சிதறியே கிடக்கிறது. அதை ஒன்றிணைக்க வேண்டும் என்றவுடன் நிறுவனங்கள் செய்வது இரண்டு: புதிய செயலி ஒன்றை வாங்குவது, கூடுதலாக ஒரு கூட்டம் வைப்பது. இரண்டுமே நோயின் வேரைத் தொடுவதில்லை என்பது எங்கள் கருத்து. சிதறிய குழுவுக்கு வேண்டியது பேச்சு அன்று, எழுத்து.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. 2001இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு பேர் கூடி வெளியிட்ட அஜைல் அறிக்கையின் கொள்கைகளில், நேருக்கு நேர் உரையாடுவதே செய்தி பரிமாறச் சிறந்த வழி என்பதும் ஒன்று. ஓர் அறையில் அமர்ந்திருக்கும் குழுவுக்கு அது உண்மைதான். எதிரே இருப்பவர் புருவத்தை நெரித்தால் நாம் மீண்டும் விளக்குகிறோம். ஆனால் பாதிக் குழு உறங்கும்போது மறுபாதி எடுக்கும் முடிவுக்குப் புருவமும் இல்லை, முகமும் இல்லை. அங்கே சொல்லப்பட்ட சொல் அங்கேயே கரைந்து போகிறது. மறுநாள் காலை ராயப்பேட்டையில் ஒருவர் அதே கேள்வியை மீண்டும் கேட்கிறார். பதிலுக்கு ஓர் இரவு காத்திருக்கிறார். ஒரு வரி எழுதப்படாததால் ஒரு நாள் வீண்.

முகம் பாராமல் கூடி உழைப்பது தமிழருக்குப் புதிதும் அன்று. ராயப்பேட்டைக்கு அடுத்த திருவல்லிக்கேணியிலிருந்து சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கி 1970 வரை நடத்திய ‘எழுத்து’ இதழை எண்ணிப் பார்க்கலாம். திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு, திருவனந்தபுரத்திலிருந்து நகுலன், நாகர்கோவிலிலிருந்து பசுவய்யா, டெல்லியிலிருந்து வெங்கட் சாமிநாதன் என்று எழுதியவர்கள் பல ஊர்க்காரர்கள். புதுக்கவிதை பற்றிய வாதம் அந்த இதழின் பக்கங்களில் நடந்ததால்தான் இன்றும் நம்மால் அதைப் படிக்க முடிகிறது. அது காப்பிக் கடையில் மட்டும் நடந்திருந்தால் நமக்குக் கிட்டியிருப்பது வதந்திதான்.

ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் பல ஆண்டுகள் இயங்கிய க்ரியா, 1992இல் தற்காலத் தமிழ் அகராதியை வெளியிட்டது. அகராதி பலர் கை படும் வேலை. ஆயினும் ஒரே கை செய்ததுபோல் இருந்தாக வேண்டும். எது தலைச்சொல், இலக்கண வகையை எப்படிக் குறிப்பது, பொருள்களை எந்த வரிசையில் தருவது, எடுத்துக்காட்டு வாக்கியம் எங்கே வருவது என்பன முன்கூட்டியே முடிவாகாவிட்டால், பத்துப் பேர் பத்து அகராதிகளைத்தான் எழுதுவார்கள். மென்பொருளிலும் இதே கதைதான். ஒரு நிறுவனம் உருவாக்கும் அமைப்பு, அந்த நிறுவனத்துக்குள் மனிதர்கள் பேசிக்கொள்ளும் முறையின் நகலாகவே அமையும் என்று மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். பேசிக்கொள்ளாத இரு குழுக்கள் எழுதிய நிரலின் இணைப்புகளில்தான் பிழைகள் குவிகின்றன என்பதை இத்துறையில் இருப்போர் நன்கு அறிவர்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இன்னும் நெருங்கிய சான்று. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் வழிநடத்த, பல நாட்டுத் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றினர். ஒருவர் உள்ளிடுவார், மற்றொருவர் மெய்ப்புப் பார்ப்பார். ஒருவருக்காக மற்றொருவர் விழித்திருக்கத் தேவையில்லை. உள்ளிட்டவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் நூலின் முகப்பிலேயே இருக்கும். ஊதியம் இல்லாத வேலையை இத்தனை ஆண்டு தாங்கி நிற்பதில் அந்தப் பெயர்ப் பட்டியலுக்கும் பங்கு உண்டு என்றே நாங்கள் கருதுகிறோம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலும் மின்னஞ்சலில் வளர்ந்ததுதான். அதன் தேவைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட் என்னும் கருவி இன்று ஏறக்குறைய எல்லா மென்பொருள் குழுக்களிலும் புழங்குகிறது. ஒரு நிரலின் ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கட்டளை ஒன்று அதில் உண்டு. அதன் பெயர் ‘பிளேம்’, அதாவது பழி. பெயர் அப்படியானாலும் பயன் வேறு: அந்த மாற்றத்தோடு எழுதி வைத்த குறிப்புக்கு அது வழி காட்டும். “சரி செய்தேன்” என்று மட்டும் குறிப்பு இருந்தால் நமக்குக் கிடைப்பது பழி சுமத்த ஓர் ஆள். எது தவறாக இருந்தது, ஏன் இவ்வழி, வேறு எவ்வழி கைவிடப்பட்டது என்று நான்கு வரி இருந்தால் கிடைப்பது அறிவு. எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகும் அது குழுவிடம் தங்கும்.

எழுத்துக்கும் கேடு உண்டு. சிற்றிதழ்ச் சண்டைகளைக் கண்டவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பத்தியில் தொடங்கிய மனத்தாங்கல் தலைமுறை கடந்ததும் உண்டு. எழுத்தில் குரல் இல்லை, சிரிப்பு இல்லை. ஆகவே கருத்து மாறுபாடு மூன்றாம் மறுமொழியைத் தாண்டினால் தொலைபேசியை எடுப்பதே நல்லது. பேசி முடித்ததும் எட்டிய முடிவை எழுதிவிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் குழு நேரில் கூடி, சேர்ந்து உண்பதும் அவசியம். எவருடைய முகத்தை நினைத்துப் படிக்கிறோமோ அவருடைய கடுஞ்சொல்லும் அவ்வளவாகச் சுடாது.

இவை அனைத்திலும் எங்களுக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று. தமிழ்வழியில் படித்து, வேலைக்கென்று சென்னை வந்த இளைஞர் ஒருவரைக் கருதுக. அவருக்கு நிரல் தெரியும், பிழை எங்கே என்பதும் தெரியும். அந்நிய உச்சரிப்பில் விரையும் ஒரு மணிநேரக் கூட்டத்தில் இடைமறித்துப் பேசத்தான் வரவில்லை. உரக்கப் பேசுபவர் வெல்லும் அவையில் அவர் ஊமை. அவருக்கும் எழுத ஓர் இரவு கொடுத்தால், சொல்லை அகராதியில் பார்த்து, வாக்கியத்தைத் திருத்தி, தம் வாதத்தை வைப்பார். குழந்தையைத் தூங்க வைக்கும் நேரத்தில் கூட்டத்துக்கு அழைக்கப்படும் தாய்க்கும் இது பொருந்தும். யார் பேசுகிறார் என்பதை விட்டு என்ன சொல்கிறார் என்று பார்க்க வைப்பது எழுத்து.

எனவே நிறுவனங்களிடம் நாங்கள் கேட்பவை சிலவே. முடிவுகளைக் காரணத்தோடு, எல்லோரும் காணும் இடத்தில் எழுதுங்கள். கெடு குறிக்கும்போது எந்த ஊர் நேரம் என்று சொல்லுங்கள். கூட்டம் தவிர்க்க முடியாதது என்றால், ஒரு மாதம் இங்கே இரவு, மறுமாதம் அங்கே இரவு என்று முறை வையுங்கள். செய்தவர் பெயரை வேலையின் முகப்பில் போடுங்கள்.

வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் தன் கருவிகளைப் பற்றிப் பெருமை பேசினால், தேர்வுக்குப் போகும் இளைஞர்கள் ஒரு கேள்வி கேட்கலாம்: “சென்ற மாதம் நீங்கள் எடுத்த பெரிய முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள்?” பதில் சொல்லத் தடுமாறினால், பத்தரை மணிக் கூட்டங்கள் பல காத்திருக்கின்றன என்று கொள்க.