டிக்கெட்டை முதலில் எடுக்காதீங்க... கள்ளக்குறிச்சிக்கு கொரோனா சொல்லிக்கொடுத்த வரிசை!

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26-ம் தேதி. நான்கே மாதத்தில் ஊரடங்கு வந்துவிட்டது. 2020 மார்ச் 22 முதல் வெளிநாட்டு பயணிகள் விமானங்கள் இங்கே இறங்கத் தடை. மார்ச் 24 நள்ளிரவோடு உள்நாட்டு விமானங்களும் நின்றன. உள்நாட்டு சேவை மே 25-ல் மீண்டும் தொடங்கியது. வழக்கமான வெளிநாட்டு சேவை முழுமையாகத் திரும்ப 2022 மார்ச் 27 ஆகிவிட்டது. இரண்டு வருஷம்!

விமான நிலையமே இல்லாத மாவட்டத்துக்கு இதில் என்ன கவலை என்று தோன்றலாம். நகையை அடகு வைத்து, வட்டிக்குப் பணம் வாங்கி, பிள்ளையை வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ அனுப்பிய வீடுகளில் கேட்டால் தெரியும். கேன்சல் ஆன ஒரு விமானம், அந்த வீட்டில் பல மாதத்து வட்டி.

ஆளுக்கொரு கெடு

அந்த இரண்டு வருஷத்தில் வேலைக்குக் கிளம்பியவர்களை அதிகம் படுத்தியது காகிதங்களின் கெடுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி. ஒன்று இன்னொன்றுக்காகக் காத்திருக்காது.

தடுப்பூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே மாதம் கோவிஷீல்டு இரண்டு டோஸ்களுக்கு இடையே 12 முதல் 16 வாரம் என்று இடைவெளியைக் கூட்டினார்கள். முதல் ஊசி போட்டுக்கொண்டு விசாவோடு காத்திருந்தவர் என்ன செய்வார்? ஜூன் 7-ம் தேதி மத்திய அரசு ஒரு வழி சொன்னது. படிப்பு, வேலை, டோக்கியோ ஒலிம்பிக் ஆகியவற்றுக்காக வெளிநாடு போகிறவர்கள் 28 நாள் கழிந்தாலே இரண்டாவது டோஸ் போட்டுக்கொள்ளலாம். சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணும் இருக்க வேண்டும். ஆதார் காட்டி ஊசி போட்டுக்கொண்டவர்கள் அந்த எண்ணைச் சேர்க்க அலைந்தது தனிக்கதை. கோவாக்சின் போட்டவர்கள் நிலை இன்னும் சிரமம். உலக சுகாதார நிறுவனம் அதை அங்கீகரித்ததே 2021 நவம்பர் 3-ல்தான்.

அடுத்தது பரிசோதனை. 2021 ஏப்ரல் கடைசியில் இந்தியப் பயணிகளுக்குக் கதவை மூடிய ஐக்கிய அரபு அமீரகம், ஆகஸ்ட்டில் மெல்லத் திறந்தது. 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்.டி-பி.சி.ஆர் முடிவு வேண்டும். போதாததற்கு, கிளம்பும் விமான நிலையத்திலேயே ஒரு ரேபிட் பி.சி.ஆர். சென்னையில் வீடு இருப்பவருக்கு இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். கல்வராயன் மலை வெள்ளிமலையிலிருந்து வருகிறவர் முதலில் வளைந்து வளைந்து கீழே இறங்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் சாம்பிள் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். பிறகு சென்னைக்கு ஐந்தாறு மணி நேரப் பயணம். 48 மணி நேரம் பஸ்ஸிலும் காத்திருப்பிலும் கரையும். அத்தனைக்கும் பிறகு விமான நிலையப் பரிசோதனையில் 'பாசிட்டிவ்' என்று வந்தால், வழியனுப்ப வேன் பிடித்து வந்த குடும்பமும் பெட்டியோடு அதே வேனில் திரும்ப வேண்டியதுதான். துபாய் இந்த விமான நிலையப் பரிசோதனையைக் கைவிட்டது 2022 பிப்ரவரியில்.

டிக்கெட் காசு எங்கே?

விமானம் பறக்கவில்லை என்றால் பணம் திரும்ப வரும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பல நிறுவனங்கள் பணத்துக்குப் பதில் 'கிரெடிட் ஷெல்' கொடுத்தன. அதாவது, பணம் நிறுவனத்திடமே இருக்கும், பின்னாளில் வேறு டிக்கெட்டுக்குக் கழித்துக்கொள்ளலாம். விவகாரம் உச்ச நீதிமன்றம் போய், 2020 அக்டோபர் 1-ல் தீர்ப்பு வந்தது. ஊரடங்குக் காலத்திலேயே, அதே காலத்துப் பயணத்துக்கு எடுத்த டிக்கெட்டுக்கு முழுப் பணம். அதற்கு முன்பே எடுத்தவர்களுக்கு 15 நாளில் பணம். நிறுவனம் நிதி நெருக்கடியில் இருந்தால் 2021 மார்ச் 31 வரை செல்லும் கிரெடிட் ஷெல்.

இதில் ஒரு சிக்கல். ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டின் பணம் ஏஜென்ட் வழியாகத்தான் திரும்பும். கையில் ரசீது இல்லாதவர் எதைக் காட்டிக் கேட்பார்?

ஊரில் என்ன வேலை?

வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் திறன்களைப் பதிவு செய்ய, 2020 மே 30-ல் 'ஸ்வதேஸ்' என்ற ஆன்லைன் படிவம் வந்தது. சிக்னல் தேடி மேடேற வேண்டிய ஊர்களுக்கு அது எட்டாக்கனி. கல்வராயன் மலையில் வெளியூர் வேலை என்றாலே பலருக்குக் கேரள, கர்நாடகத் தோட்டங்கள்தான். விமானம் ஏறாத அவர்களையும் இ-பாஸ் நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டுக்குள் மாவட்டம் தாண்டவே 2020 ஆகஸ்ட் கடைசிவரை அது வேண்டியிருந்தது. பலருக்குக் கைகொடுத்தது நூறு நாள் வேலை. அந்த நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 256 ரூபாய். சாப்பாட்டுக்கு ஆகும், ஏஜென்ட்டுக்காக வாங்கிய கடன் அடையுமா?

இப்போது கிளம்புகிறவர்கள் கவனிக்க...

கொரோனா கெடுபிடிகள் போய்விட்டன. காகிதங்களின் கெடு போகவில்லை. அதனால் வரிசை முக்கியம்.

முதலில் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக 'இ.சி.ஆர்' என்றிருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம்.

இரண்டாவது, ஏஜென்ட். 'இ-மைக்ரேட்' அரசுத் தளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி-யும். அதற்கு ரசீது தர வேண்டும். தனியாரிடம் போகத் தயக்கம் என்றால், தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது.

மூன்றாவது, ஒப்பந்தமும் வேலை விசாவும். 'டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கலாம்' என்று யாராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காவது, பிரவாசி பாரதிய பீமா காப்பீடு. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கிடைக்கும்.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகு டிக்கெட். எடுக்கும்போதே, ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும், யார் கணக்குக்கு வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். எல்லாவற்றிலும் ஒரு நகலை வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த முறை வானம் மூடினால், ஊரில் இருந்து அலையப்போவது அவர்கள்தான்.