கைக்குள் அடங்கிய படமாளிகை

விளையாட்டுக் கருவியே பாட்டுப் பெட்டியாகவும் படமாளிகையாகவும் ஆகிவிட்டால் பிள்ளைகள் மகிழாதிருப்பரோ? யப்பானின் சோனி நிறுவனம் 2004ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட ‘பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்’ அத்தகையது. அதன் 4.3 அங்குலத் திரையில் விளையாடலாம், திரைப்படமும் காணலாம். 2011இல், கம்பியில்லா இணைய வசதியை நீக்கி, ஐரோப்பாவில் 99.99 யூரோ விலையில் எளிய வடிவம் ஒன்றையும் அந்நிறுவனம் விற்றது.

ஆயினும் அதன் வரலாறு நமக்கொரு பாடம் புகட்டுகின்றது. அதற்குரிய திரைப்படங்கள் தனிவகைச் சிறு தட்டுகளில் விற்கப்பட்டன. அத்தட்டை வீட்டிலுள்ள வேறெந்தக் கருவியிலும் இட்டுப் பார்த்தல் இயலாது. ஒரே படத்தை வீட்டுக்கொன்றும் கைக்கொன்றுமாக இருமுறை வாங்க எவர் விரும்புவர்? அப்படத் தட்டுகள் சில ஆண்டுகளிலேயே செல்வாக்கிழந்தன. கணினியிலிருந்து நினைவட்டையில் ஏற்றிய பாடல்களின் கதை வேறு. 2014இல் கருவியின் விற்பனை முடிவுற்ற பின்னரும் அவை கணினியில் ஒலிக்கத் தடையில்லை.

ஆகவே, கருவி வாங்கச் செல்லும் பெற்றோரும் மாணவரும் விலையை மட்டும் வினவி அமையாது, “இதற்கென வாங்கும் பாட்டும் படமும் பிறிதொரு கருவியிலும் பயன்படுமா?” என்றும் வினவுதல் நன்று. கருவி பழுதுறலாம், பணங்கொடுத்துப் பெற்ற பாட்டும் படமும் நம்மிடமே தங்குதல் வேண்டும்.