திராட்சையின் மேல் படியும் தூள்

நிறமித் தூளோடு சுண்ணாம்புத் தூளும் மிகக் கொஞ்சம் பிசினும் சேர்த்துப் பிசைந்து, உருட்டிக் காயவைத்த குச்சிதான் மென் பாஸ்டல். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் எண்ணெய் பாஸ்டல் வேறு வகை. மெழுகும் எண்ணெயும் கலந்த அது தாளில் வழுக்கிக்கொண்டு ஒட்டும். மென் பாஸ்டலில் பிசின் பெயரளவுக்குத்தான் இருக்கும். தொட்டால் விரலோடு வந்துவிடும். ஆனால் ஈரமில்லாத வண்ணம் என்பதால் காயும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, காய்ந்தபின் நிறம் மாறுமோ என்ற கவலையும் இல்லை.

பழங்களை வரைய இதைவிடப் பொருத்தமான வண்ணம் இல்லை என்றே சொல்லலாம். கருந்திராட்சையின் தோலில் சாம்பல் பூத்தாற்போல ஒரு மெல்லிய படலம் இருக்கும். அடர் ஊதாவின் மேல் வெளிர் நீலக் குச்சியைப் படுக்கவைத்து, அழுத்தாமல் ஒருமுறை இழுத்தால் அந்தப் படலம் அப்படியே வந்துவிடும். தூளைத் தூளே காட்டிவிடுகிறது.

இந்தப் பொருத்தத்தை நன்கு அறிந்தவர் ஜெனீவா ஓவியர் ழான் எத்தியேன் லியோதார். ஆயுள் முழுக்க மனித முகங்களைப் பாஸ்டலில் வரைந்து பேரெடுத்தவர், எண்பதை நெருங்கும் வயதில் பழங்களின் பக்கம் திரும்பினார். மேசைமேல் பேரிக்காய், அத்தி, பிளம், ஒரு சிறு ரொட்டி, ஒரு கத்தி என அவர் 1782இல் வரைந்த ஓவியம் ஜெனீவா கலை, வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட ஓவிய நூலில், இயற்கையில் தூரிகைத் தடம் கிடையாது, ஓவியத்திலும் அது தெரியக்கூடாது என்று அவர் வாதிட்டார். பழ ஓவியத்தின் பேராசான் ஷார்தேனின் கதை லியோதாரின் கதைக்கு நேர்மாறு. அவர் பழங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். முதுமையில் கண் கெட்டபிறகு பாஸ்டலை எடுத்து முகங்களை வரைந்தார்.

வரைவதற்குச் சொரசொரப்பான தாள் வேண்டும். வழவழப்பான தாளில் தூள் தங்காது. வெள்ளைத் தாளைவிடச் சாம்பலோ மங்கிய பழுப்போ நல்லது. வெளிச்சமும் நிழலும் அதன்மேல் உடனே பிரிந்து தெரியும். பழங்களுக்குப் பக்கவாட்டில் ஒரே விளக்கு போதும். இரண்டு பக்கமும் ஒளி விழுந்தால் உருண்டை தட்டையாகிவிடும்.

கரித்துண்டால் வெளிக்கோட்டை லேசாகப் போட்டுக்கொண்டு, முதலில் அடர்ந்த நிறங்களை இட வேண்டும், பிறகு நடுத்தர நிறங்கள், கடைசியில் வெளிர் நிறங்கள். கெட்டியான குச்சிகள் முதலிலும் மிருதுவானவை பிறகும் வரவேண்டும். மாற்றிச் செய்தால், மிருதுவான தூள் நிறைந்த இடத்தில் கெட்டிக் குச்சி பிடிக்காமல் சறுக்கும்.

நிழலுக்குக் கறுப்பைத் தீட்டுவது தொடக்கக்காரர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. மஞ்சள் மாம்பழத்தின் நிழற்பக்கத்தில் செம்பழுப்பும் ஊதாவும் இருக்கும். அடிவிளிம்பில் மேசைவிரிப்பின் நிறம் மங்கலாகப் பிரதிபலிக்கும். அந்தப் பிரதிபலிப்பு விடுபட்டால் பழம் மேசையில் உட்காராமல் மிதக்கும்.

அதைவிடப் பெரிய பிழை விரலால் தேய்ப்பது. முதல் அடுக்கைத் தேய்த்துத் தாளின் குழிகளை நிரப்பலாம். மேல் அடுக்குகளையும் தேய்த்தால் நிறங்கள் குழம்பிச் சேறாகிவிடும். மஞ்சளுக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, அதற்குப் பக்கத்தில் சிவப்பு எனத் தீற்றல்களை அடுத்தடுத்து வைத்தால், பார்ப்பவர் கண்ணே அவற்றைக் கலந்துகொள்ளும். தோலின் பளபளப்பைக் காட்டும் வெள்ளைப் புள்ளி எல்லாவற்றுக்கும் கடைசி. அழுத்தமாக ஒரே முறை வைத்துவிட்டு அதன்பின் அதைத் தொடக்கூடாது.

உதிரும் தூளை வாயால் ஊதக்கூடாது. காட்மியம் போன்ற நச்சுப்பொருள் சில நிறமிகளில் உண்டு. தாளை வெளியே கொண்டுபோய்த் தட்டுவதே பாதுகாப்பு.

முடிந்த ஓவியத்தின் மேல் தூளை நிலைநிறுத்தத் தெளிப்பான் அடிப்பவர்கள் உண்டு. அது வெளிர் நிறங்களைக் கறுக்க வைப்பதால் பலர் தவிர்க்கிறார்கள், தவிர்ப்பதே சரி. ஓவியத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் இடும்போது கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி நடுவே இடைவெளி விட வேண்டும். கண்ணாடிக்குப் பதில் சாதாரண அக்ரிலிக் தகட்டைப் போடக்கூடாது. துடைக்கும்போது அதில் உண்டாகும் நிலைமின்சாரம் தூளைத் தாளிலிருந்து இழுத்துக்கொள்ளும்.