அடையாள அட்டையும் ஒப்பந்தத் தாளும்



படூர்ச் சாலையோரத்தில் காலை வேளையில் நின்று பார்ப்போர், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தோளில் பை சுமந்து, நிறுவனப் பேருந்துக்குக் காத்திருக்கும் இளைஞர் கூட்டத்தைக் காண்பர். பழைய மாமல்லபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலை எனப் பெயர் பெற்று, அருகிலுள்ள சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்த பின்னர், இவ்வட்டாரத்துக் குடும்பங்களின் நம்பிக்கைகளும் அப்பேருந்துகளிலேயே ஏறிச் செல்கின்றன எனலாம். பொறியியல் பயின்றோர் மட்டும் அல்லர், பி.காம்., பி.ஏ., பி.பி.ஏ. முடித்தோரும் இன்று பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களில் ‘பிசினஸ் அப்ரண்டிஸ்’ என்னும் பெயரில் சேர்கின்றனர். கணக்குப் பிரிவு, பணியாளர் பிரிவு, விற்பனைப் பிரிவு, வாடிக்கையாளர் தொடர்பு ஆகியவற்றில் பெரும்பாலும் ஓராண்டுக் காலம் தொழில் பழகுவதே அவர்கள் மேற்கொள்வது.

பிள்ளை நல்ல இடத்தில் சேர்ந்தான் என்று பெற்றோர் மகிழ்வது இயல்பே. ஆயினும், ‘வேலை கிடைத்துவிட்டது’ என்று ஊருக்குச் சொல்லி, அந்நம்பிக்கையில் தவணைக்கு வண்டி வாங்குவதும், வட்டிக்குக் கடன் பெற்று வீட்டுக்கு மாடி கட்டத் தொடங்குவதும் அறிவுடைமை ஆகுமா? பன்னிரண்டு மாதங்கள் முடிந்ததும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பிள்ளை வீட்டுக்கு வரும் நாளில், தவணையும் வட்டியும் அவன் தலைமீதன்றோ விழும்? தான் ஏதோ தவறு செய்ததால் துரத்தப்பட்டதாக அவன் எண்ணி மனம் குன்றுவான். அக்கம்பக்கத்தாரும் அவ்வாறே பேசுவர். உண்மையில் அவன் தவறு ஏதும் செய்யவில்லை. அவன் பெற்றது வேலை அன்று, பயிற்சி என்பதை வீட்டில் எவரும் தெரிந்துகொள்ளவில்லை, அவ்வளவே.

பழகுநர் முறை நம் நாட்டுக்குப் புதியதன்று. ஆங்கிலேயர் காலத்தில், 1850-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஏழைப் பிள்ளைகளும், அறநிலையங்களில் வளர்ந்த அநாதைப் பிள்ளைகளும் ஒரு கைத்தொழில் கற்றுப் பிழைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். பத்து வயதைக் கடந்த பிள்ளையைத் தந்தையோ காப்பாளரோ ஒப்பந்தம் எழுதி, ஏழாண்டுகள் வரை ஒரு தொழிலாளியிடம் ஒப்படைக்க அச்சட்டம் இடமளித்தது. அதனை நீக்கிவிட்டு, விடுதலை பெற்ற இந்தியா 1961-இல் தொழிற்பழகுநர் சட்டத்தை இயற்றியது. தொடக்கத்தில் பட்டறைத் தொழில்களையே கருதிய இச்சட்டம், 1973-இல் பொறியியல் பட்டதாரிகளுக்கும் பட்டயம் பெற்றோர்க்கும் விரிந்தது. 2014-ஆம் ஆண்டுத் திருத்தமே பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்துவிட்டது. நம் பி.காம். பிள்ளைகள் இன்று நுழைவது அக்கதவின் வழியாகத்தான்.

இச்சட்டம் பழகுநரை எவ்வாறு நோக்குகிறது? அவர் பயிற்சி பெறுபவரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்று அது தெளிவாகக் கூறுகிறது. அவர் பெறுவது ஊதியம் அன்று, உதவித்தொகை. வருங்கால வைப்பு நிதிச் சட்டமும் அவரைப் பணியாளர் கணக்கில் சேர்ப்பதில்லை. 2019-ஆம் ஆண்டு விதித்திருத்தம் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாயும், பட்டயம் பெற்றவருக்கு 8,000 ரூபாயும் குறைந்தபட்சத் தொகையாக வரையறுத்தது. முப்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் தம் ஆட்களின் எண்ணிக்கையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை பழகுநரைச் சேர்த்தாக வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உள்ளது. ஆகவே, ஒரு பெரிய நிறுவனம் நம் பிள்ளையைப் பழகுநராக அழைப்பது வெறும் கருணையும் அன்று, நிலையான வேலைக்கு வாக்குறுதியும் அன்று. அது சட்டம் வகுத்த ஓர் ஏற்பாடு. இரு தரப்பாரும் அதில் கடமைப்பட்டவர்கள்.

எனவே, பிள்ளை சேரும் முன்னர்ப் பெற்றோர் மூன்று வினாக்களைக் கேட்டுத் தெளிவாராக.

முதலாவது, கையொப்பமிடும் தாள் எத்தகையது? பழகுநர் ஒப்பந்தம் என்பது ஒன்று. நிறுவனம் தானே வகுத்த ‘ட்ரெய்னி’ நியமனம் என்பது வேறொன்று. பழகுநர் ஒப்பந்தமாயின் அது முறைப்படி பதிவு செய்யப்பட வேண்டும். பயிற்சி முடிந்தபின் நிறுவனத்திலேயே பணிபுரிய வேண்டும் என்ற நிபந்தனை அவ்வொப்பந்தத்தில் இருந்தால், தகுந்த வேலையை அளிக்க நிறுவனமும் கட்டுப்பட்டது. அதை ஏற்கப் பிள்ளையும் கட்டுப்பட்டவன். அந்நிபந்தனை இல்லையேல், பழகுநர்களுக்கு வேலை அளிப்பது பற்றி நிறுவனம் வகுத்துள்ள கொள்கையே செல்லும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குக் காப்பாளரே கையொப்பமிட வேண்டியிருக்கும். படிக்காமல் கையெழுத்திடும் பழக்கத்தை அன்றைக்காவது விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, கற்பிப்பவர் யார்? தகுதியுடைய ஒருவரைப் பயிற்சிக்குப் பொறுப்பாக நியமிக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை என்று சட்டமே கூறுகிறது. விலைச்சீட்டைச் சரிபார்க்கவும், ஜி.எஸ்.டி. கணக்கைப் பொருத்திப் பார்க்கவும், சம்பளப் பட்டியல் தயாரிக்கவும், வாடிக்கையாளரின் குறையைக் கேட்டு மறுமொழி எழுதவும் அருகிருந்து சொல்லித்தருபவர் ஒருவர் உண்டா? அன்றி, ஆண்டு முழுவதும் பெயர்ப் பட்டியலைத் தட்டச்சு செய்வதோடு முடிந்துவிடுமா? அதிகாரியின் இசைவு இன்றிப் பழகுநரை மிகைநேரம் பணிபுரியச் சொல்லுதல் ஆகாது என்பதையும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆண்டு முடிவில் கையில் எஞ்சுவது என்ன? மத்திய அரசின் தேசியத் தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டத்தின் கீழ்ப் பயின்ற பட்டதாரிக்குச் சான்றிதழ் உண்டு. நம் பகுதிக்குரிய தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில்தான் உள்ளது. இத்திட்டத்தில் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. ‘இடம் பிடித்துத் தருகிறேன், பணம் கொடுங்கள்’ என்று வருபவனை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

நம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே வேறொரு முறையும் நடைபெற்று வருகிறது. கூடுவாஞ்சேரியை அடுத்த வல்லாஞ்சேரியில் வளாகம் கொண்டுள்ள சோகோ நிறுவனம், 2005-ஆம் ஆண்டளவில் ஒரு சில மாணவரோடு தனக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. பள்ளி இறுதி வகுப்போ பட்டயமோ முடித்த பிள்ளைகளை எடுத்து, கட்டணம் வாங்காமல், மாதந்தோறும் உதவித்தொகையும் அளித்து, முதலில் வகுப்பிலும் பின்னர் நிறுவனப் பணிக்குழுக்களிலும் பயிற்றுவிக்கும் முறை அது. தொழில்நுட்பத்தோடு வடிவமைப்புக்கும் வணிகத்துக்கும் தனித்தனிப் பிரிவுகள் அங்கே அமைந்தன. எல்லா நிறுவனங்களும் அவ்வாறே செய்யும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆயினும், ‘கற்பித்துப் பின் வேலை வாங்குதல்’ நடவாத காரியம் என்பார்க்கு அது விடையாக நிற்கிறது.

இனி இளைஞர்க்கு ஒரு சொல். மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களைக் கடந்து செல்லும்போது உளியோசை கேட்டிருப்பீர்கள். 1957-இல் அங்கே அரசு ஒரு சிற்பப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கி, அது இன்று கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. பட்டறையிலாயினும் கல்லூரியிலாயினும், முதல் நாளே எவர் கையிலும் சிலையின் முகத்தை ஒப்படைப்பதில்லை. கல்லின் தன்மையை அறிவதும், உளியைப் பிடிப்பதும், மூத்தவர் கையைக் கூர்ந்து நோக்குவதுமே தொடக்கப் பாடங்கள். அலுவலகத்திலும் அவ்வாறே. சிறிய வேலை என்று எதையும் இகழாதீர்கள். அதே வேளையில், சிறிய வேலையிலேயே உங்களை நிறுத்திவைத்தால், ‘அடுத்ததைக் கற்றுத் தாருங்கள்’ என்று பணிவோடு கேட்கத் தயங்காதீர்கள். கேட்பது உங்கள் உரிமை. முயன்று கற்பதும், முறையான கட்டளைக்கு இணங்குவதும் உங்கள் கடமை. இரண்டும் அதே சட்டத்தில்தான் எழுதப்பட்டுள்ளன. அன்றன்று கற்றதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பிறிதோர் இடத்தில் நேர்காணலுக்குச் செல்லும்போது, ‘ஓராண்டு இருந்தேன்’ என்பதைவிட ‘இன்னின்ன செய்யத் தெரியும்’ என்ற சொல்லுக்கே மதிப்பு மிகுதி.

பெற்றோரே, பயிற்சி முடிந்து வேலை கிடைத்தால் மகிழுங்கள். கிடைக்காவிடின், பிள்ளையைக் குற்றவாளிபோல் வினவாதீர்கள். அவன் சான்றிதழையும் குறிப்பேட்டையும் வாங்கிப் பாருங்கள். கற்றதைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அடுத்த விண்ணப்பத்தை எழுத அருகில் அமருங்கள். கடன் மட்டும், நிலையான வேலைக்கான ஆணை கைக்கு வரும்வரை காத்திருக்கட்டும்.