முதல் மேடையை யார் தருவது?

அண்டர்கிரவுண்ட் இசையில் டிஜே ஆக ஆசைப்படும் பலர், ஒரு மிக்ஸைப் பதிவுசெய்து ஊரிலுள்ள கிளப்புகளுக்கெல்லாம் அனுப்பிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் வராது. கிளப்காரருக்கு வேண்டியது கூட்டம். முகம் தெரியாதவரின் ஒரு மணி நேரப் பதிவைக் கேட்க அவருக்குப் பொறுமை ஏது? இந்த இசை வளர்ந்த வழியே வேறு. 1970இல் நியூயார்க்கில் டேவிட் மான்குசோ தன் வீட்டிலேயே பார்ட்டி வைத்தார். அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி, மது விற்பனை கிடையாது. ‘தி லாஃப்ட்’ என்று பேர்பெற்றது அதுதான். 1973 ஆகஸ்டில் அதே நகரின் பிராங்க்ஸ் பகுதி அடுக்குமாடி ஒன்றில் டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றிய பார்ட்டியை ஏற்பாடு செய்தவர் அவருடைய தங்கை சிண்டி. பள்ளிக்கூடம் திறக்குமுன் புது உடுப்பு வாங்கக் காசு வேண்டியிருந்தது அவருக்கு. (பேரெல்லாம் அண்ணனுக்கே போனது தனிக்கதை.) சிகாகோவின் ‘வேர்ஹவுஸ்’ கிளப் முதலில் கூப்பிட்டது டிஜே லாரி லெவனை; அவர் மறுக்கவே, நண்பர் ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977இல் அங்கே போனார். திறமை இருந்தது, சரி. ஆனால் கதவைத் திறந்தது பழக்கம். ஆகவே மற்றவர்கள் வாசிக்கும் இரவுகளுக்குப் போங்கள், கடைசிவரை இருங்கள். முதலில் கிடைப்பது ஆள் சேராத முன்னிரவு நேரம்தான். அதில் உச்சப் பாட்டுகளைக் கொட்டி, அடுத்து வருபவரின் வேலையைக் கெடுக்காதீர்கள். ‘பேர் கிடைக்கும், காசு கேட்காதே’ என்பவரிடம் இரண்டாம் முறை போகாதீர்கள். அதற்குப் பதில் நான்கு நண்பர்களோடு ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓர் இரவை நடத்துங்கள்.