பாதி மாத்தினா முழுசும் போச்சு!

மக்களே, பேங்க்ல உக்காந்து கடன் ஃபைல் புரட்டுறவனுக்கு இஞ்சினைப் பத்தி என்ன தெரியும்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. நான் படிச்சது பி.காம்.தான். ஆனா வால்வு சமாச்சாரம் சுத்தமான கணக்கு சமாச்சாரம்னு அடிச்சுச் சொல்வேன். பற்று எழுதினா எதிர்ல வரவு எழுதணும். ஒரு பக்கம் மட்டும் எழுதினா லெட்ஜர் டேலி ஆகாது. நம்ம பசங்க புல்லட்ல பண்றது அந்த ஒரு பக்க கணக்கைத்தான்.

போர்ட் பிளேர்ல (2024 செப்டம்பர்லயே ஸ்ரீ விஜய புரம்னு பேர் மாத்தியாச்சு, வாய்க்குத்தான் இன்னும் பழகலை) நம்ம தமிழ் வீடுகளுக்கு புல்லட் மேல தனிப் பாசம். 1955ல மெட்ராஸ்ல வேர்விட்ட வண்டியாச்சே! என் மச்சினன்கிட்ட யூசிஇ இஞ்சின் வச்ச கிளாசிக் 350 இருக்கு. போன வருஷம் ஒருநாள், "அத்தான், கேம் மாத்தப் போறேன், பிக்கப் பிச்சுக்கும்"னான். ஆன்லைன்ல லிஃப்ட் அதிகமான கேம் வாங்கிட்டான். "ஸ்பிரிங் என்னாச்சு மாப்ளே?"ன்னேன். "அது நல்லாத்தான் இருக்கு, மெக்கானிக் அண்ணன் சொல்லிட்டார்."

மூணாவது வாரம் சிடியா டாப்பு போற ரோட்டுல வண்டி படுத்துடுச்சு. வால்வு வளைஞ்சு, பிஸ்டன் தலையில பள்ளம். பிக்கப் வண்டி வாடகை தனி. பார்ட்ஸ் சென்னையிலேருந்து கப்பல்ல வரணும். தங்கச்சி கல்யாணத்துக்குன்னு சேத்த காசுல கை வச்சான். எனக்கு வயிறு எரிஞ்சது அதுக்குத்தான்.

என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். யூசிஇ இஞ்சின்ல கேம் மேல ஹைட்ராலிக் லிஃப்டர், அடியில ரோலர். லிஃப்டருக்குள்ள ஆயில் நிரம்பி குட்டி பிளஞ்சரைத் தூக்கிப் பிடிக்கும்; அதனால டேப்பெட் இடைவெளி தானா பூஜ்யமாகும். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் மாதிரி புஷ்ராடை விரல்ல சுத்திப் பாத்து அட்ஜஸ்ட் பண்ற வேலை இதுல கிடையாது. ஆனா சில பட்டறையில இன்னும் "டேப்பெட் டைட் பண்ணிட்டேன்"னு காசு வாங்குறாங்க. இல்லாத ஸ்க்ரூவை எப்படிய்யா டைட் பண்ணினே? :-)

இஞ்சின் 5250 சுத்துல ஓடும்போது கேம் அதுல பாதி, 2625 தடவை சுத்தும். அதாவது ஒரு வால்வு நொடிக்கு சுமார் 44 தடவை திறந்து மூடணும். லிஃப்டர், புஷ்ராட், ராக்கர், வால்வு இத்தனையையும் திரும்ப இழுத்து மூடுறது ஸ்பிரிங் ஒண்ணுதான். கேமோட முகடு உயரமாவோ செங்குத்தாவோ ஆனா ஸ்பிரிங் வேலையும் கூடும். பழைய ஸ்பிரிங் ஈடு கொடுக்கலைன்னா வால்வு மிதக்கும். அந்த இடைவெளியை நிரப்ப லிஃப்டர் ஆயிலை இழுத்துக்கும், அப்புறம் வால்வு முழுசா மூடாது. மேல வர்ற பிஸ்டன் வால்வுல முட்டும். மச்சினன் கதை இதுதான்.

சரி, இருக்குறதுலயே முரட்டு ஸ்பிரிங்கைப் போட்டுடலாமா? அதுவும் தப்பு. அழுத்தம் அளவு மீறினா லிஃப்டர்ல இருக்குற ஆயில் கசிஞ்சு பிளஞ்சர் அமுங்கிடும், லிஃப்ட் குறையும், ரோலர் தேயும். சுருள் ஒண்ணோட ஒண்ணு இடிக்குதா, ரிடெய்னர் கைடுல தட்டுதா, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடம் இருக்கான்னு அளந்துதான் மாத்தணும். புஷ்ராட் நீளமும் அப்படித்தான். பிளஞ்சர் அதோட ஓட்டத்துக்கு நடுவுல எங்கயாவது நிக்கணும். நீளம் கூடினா வால்வு மூடாது, குறைஞ்சா டக் டக்.

இது நம்ம ஊர் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்காவுல 1985ல ஃபோர்டு மஸ்டாங் 5.0க்கு கம்பெனியே ரோலர் கேம் போட்டுது. பழைய வி8 வண்டிக்காரங்க அதைப் பாத்து எஃகு ரோலர் கேமை மட்டும் மாத்திட்டு, டிஸ்ட்ரிபியூட்டர் பல்சக்கரத்தை அப்படியே விட்டாங்க. பல்லு தேஞ்சு தூளாச்சு. ஒரு பார்ட் மாறினா அதோட தோழன் எல்லாம் மாறணும்.

"என் வண்டி, என் காசு, உங்களுக்கென்ன?"ன்னு தம்பிங்க கேப்பீங்க. ஆசைப்படு, தப்பே இல்லை. ஆனா கேம், லிஃப்டர், ஸ்பிரிங், ரிடெய்னர், புஷ்ராட் எல்லாம் ஒரே ஆள் கணக்குப் போட்டுத் தர்ற செட்டா வாங்கு. அளந்து மாட்டத் தெரிஞ்ச மெக்கானிக்கைப் பிடி. செட்டுக்குக் காசு இல்லையா? கம்பெனி கேமோடயே ஓட்டு. மேடும் வளைவுமான இந்தத் தீவுல உச்ச வேகத்துக்கு இடம் எங்கய்யா இருக்கு?

டக் டக் சத்தம் கேட்டா முதல்ல பாக்க வேண்டியது ஆயில். அளவு சரியா, கம்பெனி சொன்ன 15டபிள்யூ50 தானா? நம்ம ஓட்டம் ஆபீஸ், பஜார், வீடுன்னு ரெண்டு மூணு கிலோமீட்டர். இஞ்சின் முழுசா சூடாகாம ஆயில்ல ஈரம் தங்கி சேறு கட்டும், லிஃப்டரோட குட்டி வால்வு அடைக்கும். அதனால ஆயிலைச் சீக்கிரமே மாத்துங்க. காலையில ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்ச நேரம் தட்டினா பயப்படாதீங்க. சூடான பிறகும் தட்டினாதான் லிஃப்டரைச் சந்தேகப்படணும்.

கடைசியா ஒண்ணு. 2021ல கிளாசிக்கும் 2023ல புல்லட்டும் புது ஜே சீரிஸ் இஞ்சினுக்கு மாறியாச்சு. யூசிஇ இனி பழைய வண்டிதான். கழட்டின கம்பெனி கேமை இரும்புக் கடைக்குப் போடாம எண்ணெய் தடவி, பாலிதீன்ல சுத்தி வைங்க. இந்த உப்புக்காத்துல துரு ஒரு வாரத்துல வந்துடும்.

மச்சினன் வண்டி இப்ப பழைய கேமோட ஓடுது. தங்கச்சி கல்யாணம் தை மாசம். கை வச்ச காசை மாசாமாசம் திருப்பிக் கட்டிட்டு இருக்கான், வட்டியில்லாம. கடன் கொடுத்த இளிச்சவாயன் யாருன்னு கேக்காதீங்க.